கருவிழிக்குள் வளர்ந்த இரத்தக்குழாய்களுக்கு ஒளிவழிச் சிகிச்சை

கேள்வி: என் அக்காவுக்கு வயது 41. ஹெர்பிஸ் கிருமியால் வலக்கண்ணில் பத்து ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் புண் வந்தது. இப்போது கருவிழியில் வெள்ளைத் தழும்பும் அதற்குள் சிவப்பு நரம்புகளும் தெரிகின்றன. கருவிழி மாற்று அறுவை செய்யலாம், ஆனால் உள்ளே இரத்தக்குழாய்கள் இருப்பதால் உடல் அதை ஏற்காமல் போகும் வாய்ப்பு அதிகம் என்கிறார் மருத்துவர். கையில் மருந்து ஏற்றிக் கண்ணில் லேசர் காட்டினால் அந்த நரம்புகள் வற்றிவிடும் என்று ஒருவர் சொன்னார். இது உண்மையா? செய்துகொள்ளலாமா?

உண்மைதான், அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது. வெர்டெபோர்ஃபின் என்ற மருந்தைக் கையிலுள்ள இரத்தநாளத்தில் ஏற்றி, அது இரத்தத்தோடு சுற்றிவரும் வேளையில் 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைக் கருவிழிக் குழாய்களின்மேல் பாய்ச்சினால், ஒளி பட்ட இடத்தில் மட்டும் அக்குழாய்கள் உள்ளிருந்தே அடைபட்டுப்போகும். ஆனால் அது குழாயைத்தான் மூடுகிறது, குழாயை வரவழைத்த காரணத்தை மூடுவதில்லை. உங்கள் அக்காவின் நிலையில் இந்த வேறுபாடே முதன்மையானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். நம் ஊரில் இரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கருவிழியில் உண்மையான நரம்புகளும் உண்டு. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் அது ஒன்று, தூசி விழுந்தால் அவ்வளவு உறுத்துவது அதனால்தான். ஹெர்பிஸ் கிருமி தங்குவதும் இந்த உணர்வு நரம்புகளின் வேரில்தான். அங்கிருந்து அது அவ்வப்போது கண்ணுக்கு இறங்கிவருகிறது. நலமுள்ள கருவிழியில் நரம்புகள் இருக்கும், இரத்தக்குழாய்கள் இருப்பதில்லை. மருத்துவர் கவலைப்படுவது பின்னவை உள்ளே நுழைந்துவிட்டதைப் பற்றியே.

கருவிழி என்று இங்கே குறிப்பிடுவது கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்த, நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒளிபுகு படலத்தை. இதற்கு ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவும், ஊட்டம் பெரும்பாலும் உட்புற நீர்மத்திலிருந்தும் கிடைக்கின்றன. குழாய் இல்லாமல் பார்த்துக்கொள்வது தற்செயலாக நடப்பதன்று. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப் என்னும் புரதம் கருவிழியிலும் சுரக்கிறது. ஆனால் அதைப் பிடித்து முடக்கும் மற்றொரு புரதமும் அங்கே கரைந்த வடிவில் காவல் இருக்கிறது என்பதை 2006-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதில் வந்த ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கக் கரையோரங்களில் வாழும் மனாட்டி என்னும் கடல் விலங்கின் கருவிழியில் இயல்பாகவே இரத்தக்குழாய்கள் உண்டு, அந்தக் காவல் புரதம் இல்லை. அதன் நெருங்கிய உறவான, நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஆவுளியாவின் கருவிழியில் அப்புரதம் உண்டு, குழாய்கள் இல்லை. இந்தக் காவலோடு, கருவிழி விளிம்பில் வேலியாக நிற்கும் மூல உயிரணுக்களும் சேர்ந்துதான் வெண்விழியின் குழாய்களை எல்லைக்கு வெளியே நிறுத்திவைக்கின்றன.

கிருமித்தொற்று, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் தெறித்த புண், காண்டாக்ட் லென்ஸை இரவும் பகலும் கழற்றாமல் அணிவதால் வரும் ஆக்சிஜன் குறைவு, மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய், முன்பு செய்த மாற்றுக் கருவிழியை உடல் எதிர்த்தல் என இவற்றில் எது வந்தாலும் அந்தச் சமநிலை குலையலாம். அழற்சி உயிரணுக்கள் வி.இ.ஜி.எஃப் புரதத்தைக் கொட்டுகின்றன. விளிம்பிலிருந்து குழாய்கள் உள்ளே கிளைக்கின்றன. புதிதாக வளர்ந்த குழாய்களின் சுவர் ஒழுகும் தன்மை கொண்டது. அதன் வழியே நீரும் கொழுப்பும் கசிந்து, படலம் வீங்கி, மஞ்சள் கலந்த வெண்மையாகப் படிந்துவிடும். தழும்பு என்று வெளியே தெரிவதில் ஒரு பகுதி இந்தக் கொழுப்புப் படிவாகவும் இருக்கலாம்.

ஆனால் குழாய்கள் எப்போதும் பகைவர் அல்ல. 1993-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தில் கணக்கிட்டபோது லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது தெரிந்தது. வயலில் நெல்தாளோ சோளத்தோகையோ கீறிப் பூஞ்சைப் புண்ணோடு வருபவர்கள் தென்தமிழகக் கண் மருத்துவமனைகளுக்குப் புதியவர்கள் அல்லர். அத்தகைய புண் ஆறும்போது, கருவிழி கரைந்து ஓட்டை விழாமல் தாங்குவதற்கு உள்ளே வரும் குழாய்கள் துணைசெய்வதும் உண்டு. எனவே கிருமி உயிரோடு இருக்கும்போதோ புண் ஆறிக்கொண்டிருக்கும்போதோ அவற்றை மூட முயல்வது, தீ எரியும் வீட்டில் தண்ணீர்க் குழாயை அடைப்பதற்கு ஒப்பாகும். குழாய்கள் வேண்டாத விருந்தாளிகள் ஆவது, வந்த வேலை முடிந்த பிறகும் வெளியேறாமல் தங்கும்போதுதான்.

மாற்று அறுவைக்கு அவை ஏன் தடை? பிற உறுப்புகளைக் காட்டிலும் கருவிழி எளிதாக ஒட்டிக்கொள்வதற்கு, அங்கே இரத்தமும் நிணநீரும் எட்டாததே பெரிய காரணம். நோய் எதிர்ப்பு உயிரணுக்களின் கண்ணில் படாமல் அது ஒதுங்கியிருக்கிறது. இரத்தக்குழாய்கள் நுழைந்துவிட்டால் எதிர்ப்பு உயிரணுக்கள் நேராக வந்துசேர வழி கிடைக்கிறது. அவற்றோடு கண்ணுக்குப் புலப்படாத நிணநீர்க் குழாய்களும் கூடவே வளர்ந்து, புதிய திசுவைப் பற்றிய செய்தியை நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோகின்றன. கருவிழியை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து, இரண்டிலோ அதற்கு மேலோ ஆழமான குழாய்கள் இருந்தால் அந்தக் கண்ணை அதிக ஆபத்து வகையில் சேர்ப்பது வழக்கம். உங்கள் மருத்துவர் எச்சரித்தது இதைத்தான்; அவர் கணிப்பு சரியானதே.

இனி மருந்தும் ஒளியும். சாயமும் ஒளியும் தனித்தனியே தீங்கற்றவையாக இருந்து, சேரும்போது உயிரணுவைக் கொல்லும் என்பதை முதலில் கண்டது ஜெர்மனியின் மியூனிக் நகரில். ஹெர்மன் ஃபான் தாப்பைனர் என்ற பேராசிரியரின் மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பரமேசியம் என்ற ஒற்றை உயிரணு உயிரிகள் இறக்கும் நேரத்தை அளந்தார். சாயத்தின் அளவு மாறாதபோதும் இறக்கும் நேரம் மாறியது. அறையில் இருந்த வெளிச்சத்தின் வேறுபாடே காரணம் என்று கண்டு 1900-ல் வெளியிட்டார். இதற்கு ஆக்சிஜனும் தேவை என்று அடுத்த சில ஆண்டுகளில் தாப்பைனர் குழு காட்டியது. மருந்து, ஒளி, ஆக்சிஜன் என்ற இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்றைக்கும் சிகிச்சை நடக்காது.

வெர்டெபோர்ஃபின், இரத்தத்தின் சிவப்புக்கும் இலையின் பச்சைக்கும் அடிப்படையான போர்ஃபிரின் குடும்பத்தைச் சேர்ந்த பச்சைநிற மருந்து. இரத்தத்தில் சேர்ந்ததும் அது எல்.டி.எல் என்னும் கொழுப்புத் துகள்களோடு ஒட்டிக்கொள்கிறது. வேகமாகப் பெருகும் புதிய குழாய்களின் உட்சுவர் உயிரணுக்கள் அத்துகள்களை மற்றவற்றைவிட அதிகமாக உள்வாங்குவதால், மருந்தும் அங்கே கூடுதலாகத் தங்குகிறது. ஒளி பட்டதும் மருந்து மூலக்கூறு தான் வாங்கிய ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றி, வேதியியலார் சிங்கிலெட் ஆக்சிஜன் என்று அழைக்கும் கடும் வினைத்திறன் கொண்ட வடிவமாக அதை மாற்றுகிறது. இது பிறந்த இடத்திலேயே, ஓர் உயிரணுவின் அகலத்தைக்கூடக் கடக்காமல், எதிர்ப்பட்டதைத் தாக்கி அழிந்துவிடும். உட்சுவர் உயிரணுக்கள் சிதைகின்றன. இரத்தத் தட்டணுக்கள் அங்கே திரண்டு ஒட்டுகின்றன. குழாய் உறைகட்டியால் அடைபடுகிறது. மருந்து குழாயைத் தேர்ந்துகொள்கிறது, ஒளி இடத்தைத் தேர்ந்துகொள்கிறது. இந்த இரட்டைத் தேர்வுதான் இம்முறையின் அழகு.

பழைய லேசரிலிருந்து இது வேறுபடுவதும் இங்கேதான். ஆர்கான் லேசரின் பச்சை ஒளியை இரத்தச் சிவப்பணு உறிஞ்சுவதால் குழாய் வெப்பத்தால் வேகும். ஆனால் ஓடும் இரத்தம் அந்த வெப்பத்தை அள்ளிச் சென்றுவிடுவதால் மிகுதியான ஆற்றல் வேண்டியிருக்கும், பின்னால் உள்ள கதிராளி என்னும் நிறத்திரை சுருங்குவதும் கருவிழிக்குள் இரத்தம் கசிவதும் நேரலாம். 689 நானோமீட்டர் ஒளியை இரத்தம் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. திசு சுடுவதில்லை, சிகிச்சையின்போது நோயாளிக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியும், வலி பெரும்பாலும் இராது.

இம்மருந்து முதலில் விழித்திரைக்காகவே வந்தது. முதுமையில் விழித்திரையின் மையத்துக்கு அடியில் வளரும் தீய குழாய்களுக்காக அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு அனுமதி பெற்றது. 2006 வாக்கில் கண்ணுக்குள் போடும் வி.இ.ஜி.எஃப் எதிர்ப்பு ஊசிகள் பரவியதும் அந்த அரியணை போய்விட்டது. இன்று விழித்திரையில் சில தனிவகை நோய்களுக்கே இதை எடுக்கிறார்கள். கருவிழிக்கு இதைப் பயன்படுத்தியவர்கள் 2003 முதல் இத்தாலி, அமெரிக்கா, கொரியா முதலிய நாடுகளிலிருந்து தங்கள் அனுபவத்தை வெளியிட்டனர். அவை அனைத்தும் சிறு தொகுப்புகள். பல கண்களில் குழாய்கள் முழுமையாகவோ ஓரளவோ மூடின, கருவிழிக்குப் பெரிய தீங்கு நேரவில்லை, சில கண்களில் குழாய்கள் திரும்ப வந்தன என்பதே அவற்றின் பொதுவான சாரம். கருவிழிக்கென்று அனுமதி பெறாத மருந்தை, மருத்துவர் தம் பொறுப்பில், நோயாளியின் எழுத்துமூல ஒப்புதலோடு தருகிறார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்முறை எளிது. அக்காவின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் என்ற அளவில் மருந்து எடுப்பார்கள். உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால் 9.6 மில்லிகிராம், குப்பியில் இருப்பது 15 மில்லிகிராம், மீதம் வீணாகும். அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் 30 மில்லிலிட்டராக்கிப் பத்து நிமிடங்களில் ஏற்றுவார்கள். உப்புக்கரைசலில் கலந்தால் மருந்து திரிந்து படிந்துவிடும் என்பதால் செவிலியர்கள் இதில் கவனமாக இருப்பார்கள். விழித்திரையில், மருந்து ஏற்றத் தொடங்கிய பதினைந்தாம் நிமிடத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 600 மில்லிவாட் வீதம் 83 விநாடிகள், அதாவது 50 ஜூல் ஆற்றல், பாய்ச்சுவது நிலைபெற்ற முறை. கருவிழியில் இந்த அளவையும் நேரத்தையும் ஒவ்வொரு குழுவும் தத்தம் போக்கில் மாற்றிக்கொண்டது. இன்னும் ஒரே விதி ஏற்படவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்தால் உணர்விழக்கச் செய்து, ஸ்லிட் லாம்ப் கருவியில் முகத்தை வைத்து, குழாய் கருவிழிக்குள் நுழையும் விளிம்பிலும் அதன் போக்கிலும் ஒளிவட்டத்தை வைப்பார்கள். பாவை என்னும் நடுத்துளையின்மேல் ஒளி விழுந்தால் அது நேராக விழித்திரைக்குப் போகும் என்பதால் அந்த இடத்தைத் தவிர்ப்பதே மருத்துவரின் கைத்திறன்.

தொல்லை தருவது அதற்குப் பிந்தைய நாட்கள். மருந்து உடல் முழுவதும் சுற்றுவதால் தோலும் கண்ணும் ஐந்து நாட்களுக்கு ஒளிக்கூச்சம் கொண்டிருக்கும். வெயிலில் இறங்கக்கூடாது, தவிர்க்க முடியாமல் போனால் உடலை முழுதாக மூடும் துணியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். வெயில் காப்புக் களிம்பு இங்கே பயன்படாது, ஏனெனில் அது தடுப்பது புற ஊதாக் கதிரை. மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதற்காக இருட்டறையில் அடைந்து கிடக்கவும் தேவையில்லை. வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தை மெல்லச் செயலிழக்கச் செய்வதால் அது நல்லதே. பல் மருத்துவரின் விளக்கையும் அறுவை அரங்கின் விளக்கையும் அந்த நாட்களில் தவிர்க்கவேண்டும் என்பதால், மாற்று அறுவையை அடுத்த நாளே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மருந்து ஏறும்போது சிலருக்கு முதுகுவலி வரும், நின்றதும் போய்விடும். ஊசி விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்தால்தான் கடுமையான எரிச்சலும் வீக்கமும். உடனே நிறுத்தி அந்த இடத்தை ஒளிபடாமல் மூட வேண்டும். போர்ஃபிரியா நோய் உள்ளவர்களுக்கு இம்மருந்து அறவே ஆகாது. கல்லீரல் கடுமையாகக் கெட்டவர்களுக்கும் தருவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் அக்காவுக்கு நான் எந்த வரிசையில் யோசிப்பேன் என்பதைச் சொல்கிறேன். முதல் வேலை கிருமியை அடக்குவது. அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இருமுறை ஓராண்டு எடுத்துக்கொண்டவர்களில் ஹெர்பிஸ் திரும்பியது 19 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம் என்று 1998-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. கருவிழியின் ஆழ்பகுதியில் முன்பே நோய் வந்தவர்களில் இப்பயன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது: மீண்டும் அங்கேயே வருவது 28 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகப் பாதியாகக் குறைந்தது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இதை அவர் இப்போதே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். அழற்சி அடங்காமல் குழாயை மூடுவது கிணற்றில் ஊற்று இருக்கும்போது இறைத்துக்கொண்டே இருப்பதைப் போன்றது. அடைபட்ட குழாயால் திசுவுக்கு ஆக்சிஜன் குறைந்து மேலும் வி.இ.ஜி.எஃப் சுரப்பதும் உண்டு.

அடுத்தது குழாயின் வயது. புதிதாகத் தளிர்த்த குழாய்களுக்கு ஸ்டீராய்டு சொட்டும், வெண்விழிப் படலத்துக்கடியில் போடும், வி.இ.ஜி.எஃப் புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசியும் நன்றாகக் கேட்கும், செலவும் குறைவு. ஆனால் பழுத்து முதிர்ந்த குழாயைச் சுற்றி ஓர் உறை உயிரணு வரிசை அமைந்துவிடுகிறது. அப்புறம் அது வி.இ.ஜி.எஃப் இல்லாமலும் உயிர் வாழும், ஊசிக்கு மசியாது. ஒளிவழிச் சிகிச்சையின் உண்மையான இடம் இங்கேதான். அது தூண்டுதலைத் தடுப்பதில்லை, சுவரையே தாக்குகிறது. ஆகவே முதிர்ந்த குழாயிலும் செல்லும். திரும்பத் தளிர்ப்பதைத் தடுக்க அதனுடன் பெவாசிசுமாப் ஊசியைச் சேர்ப்பதில் பொருள் இருப்பதும் இதனால்தான்.

ஆனால் முதிர்ந்த குழாய்க்குப் போட்டியாக இன்னொரு முறையும் இருக்கிறது. மெல்லிய ஊசியைக் குழாய்க்குள்ளோ அதை ஒட்டியோ செலுத்தி, மின்சூட்டால் அடைத்துவிடுவது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகர மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதினர். ஓரிரண்டு தடித்த ஊட்டக்குழாய்களிலிருந்தே மற்ற கிளைகள் பிரிகின்றன என்றால், என் விருப்பம் இதுவே. அறுவை அரங்கில் இருக்கும் சாதாரணக் கருவியே போதும், ஐந்து நாள் வெயில் காப்பும் இல்லை. வெர்டெபோர்ஃபினின் விலையோ மிக அதிகம். 2020-களின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் அது கிடைக்காமல் தட்டுப்பாடு ஏற்பட்டதையும் பார்த்தோம். அதற்குரிய லேசர் கருவியும் எல்லா ஊரிலும் இல்லை, விழித்திரைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில்தான் கேட்டுப் பார்க்கவேண்டும். ஊட்டக்குழாய் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல், நுண்குழாய்கள் விசிறிபோல் பரவிக் கிடக்கும் கருவிழிக்கு இந்த மின்சூட்டு ஊசி எட்டாது. அங்கே ஒளிவழிச் சிகிச்சை கையில் எடுக்கத் தகுந்தது. அதேபோல் கொழுப்புப் படிவு பாவையை நோக்கி ஆண்டுக்காண்டு நகர்ந்தால், மாற்று அறுவையைத் தள்ளிப்போடவும் அது உதவலாம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் எலிகளில் முதலில் வெர்டெபோர்ஃபின் சிகிச்சையால் இரத்தக்குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் வற்றச் செய்து, பிறகு மாற்றுக் கருவிழி பொருத்தியபோது, அவை நீண்ட நாள் நிலைத்தன. கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் கருவிழிக் கூம்பல் நோய்க்கு நாம் வழக்கமாகச் செய்யும், ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமினைச் சொட்டிப் புற ஊதா ஒளி காட்டும் சிகிச்சையும் எலிகளில் இதே பலனைத் தந்தது. இந்த இரண்டாவதற்கான கருவி இப்போது நம் நகரங்களில் பரவலாக இருப்பதால், நாளடைவில் இதுவே எளிய வழியாகலாம் என்பது என் ஊகம். ஆனால் ஹெர்பிஸ் வந்த கண்ணில் புற ஊதாக் கதிர் கிருமியை எழுப்பிவிடக்கூடும் என்பதால், உங்கள் அக்காவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாக அழற்சி வந்து எத்தனை மாதம் ஆயிற்று, குழாய்கள் எத்தனை கால்வட்டங்களில் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன, அவற்றை ஊட்டுவது ஒன்றிரண்டு குழாய்களா அல்லது விசிறியா. கருவிழியில் உணர்வு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் பஞ்சு நுனியால் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெர்பிஸ் நரம்பை மழுங்கச் செய்துவிட்ட கண்ணில் குழாய்களை எவ்வளவு திறமையாக மூடினாலும் பொருத்திய கருவிழியின் மேற்பரப்பு ஆறாமல் தொல்லை தரும். ஆறு மாதத்துக்கு மேல் கண் அமைதியாக இருந்து, கேட்ட விடை ‘விசிறி’ என்றால், ஒளிவழிச் சிகிச்சையைப் பற்றி அவரிடம் தாராளமாகப் பேச்செடுக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன்புதான் கண் சிவந்தது என்றால், இப்போதைக்கு மாத்திரையும் சொட்டும் மட்டுமே போதும். கருவிழியின் அதே இடத்தை எடுத்த புகைப்படங்களை மூன்று மாத இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்த்து, குழாய்கள் தாமாகவே ஒடுங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.